சாமி விளையாட்டு ஆடின டாக்டர்

கிராஃப் வரையச் சொன்னா நம்ம கை தானா என்ன செய்யும்? நாலஞ்சு வட்டம் போடும், நடுவுல கோடு இழுக்கும், கோட்டு நுனியில ஒரு அம்புக்குறி. வட்டத்துக்குள்ள A, B, C. அவ்வளவுதான், யூனிட் டெஸ்ட்டுக்கு அது போதும். அந்த வட்டத்துக்குள்ள ஒரு பொண்ணை வச்சு, அம்புக்குறிக்கு ‘இவளுக்கு அவளைப் பிடிக்கும்’னு அர்த்தம் கொடுத்து, ஒரு பள்ளிக்கூடத்தையே 1930களில் காகிதத்துல வரைந்தவர் ஒருத்தர் இருந்தார். அவர் கணக்கு வாத்தியார் இல்லை, மனநல டாக்டர். நோயாளிகளை மேடை ஏத்தி, வேஷம் போட வச்சு வைத்தியம் பார்த்தவர். பேரு ஜேக்கப் லெவி மொரேனோ.

ஃப்ராய்டு பேரு தெரியாதவங்க நம்ம காலேஜ்ல இருக்க மாட்டாங்க. மொரேனோ பேரு தெரிஞ்சவங்களை நான் இன்னும் பார்க்கலை. ஆனா பிளேஸ்மென்ட் டிரெய்னிங்ல ‘நீ எச்.ஆர், நான் கேண்டிடேட்’னு ரோல் பிளே பண்றோமே, குழுவா வட்டமா உட்கார்ந்து மனசு விட்டுப் பேசற கவுன்சலிங் நடக்குதே, இது எல்லாத்துக்கும் பின்னாடி இவர் நிழல் இருக்கு.

மொரேனோ தன்னைப் பத்திச் சொன்ன முதல் கதையே பொய். கருங்கடல்ல ஒரு கப்பல்ல, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாம, 1892ல் பிறந்ததா சொல்லிக்கிட்டார். பதிவேடு வேற சொல்லுது. 1889 மே 18, ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரம். ஸ்பெயின்ல இருந்து பல தலைமுறைக்கு முன்னாடி துரத்தப்பட்ட யூதர்களின் வழிவந்த குடும்பம். அப்பா வியாபாரி, ஆனா வியாபாரம் கைகொடுக்காத வியாபாரி. மொரேனோங்கறது அப்பாவோட பேரு, அதைத்தான் பின்னாடி மகன் தன் குடும்பப் பேரா வச்சுக்கிட்டார். இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, இவர் வாழ்க்கையில பாதிக் கதைக்கு சாட்சி அவர் ஒருத்தர்தான். கொஞ்சம் உப்பு புளி சேர்த்துச் சொல்ற ஆள். படிக்கறப்போ அதை மனசுல வச்சுக்கோங்க.

ரெண்டாவது கதை அவருக்கு நாலரை வயசுல நடந்தது. ஒரு ஞாயித்துக்கிழமை, அப்பா அம்மா வீட்ல இல்லை. பக்கத்து வீட்டுப் பசங்க எல்லாரையும் சேர்த்து சாமி விளையாட்டு ஆரம்பிச்சார். மேஜை மேல நாற்காலி, நாற்காலி மேல நாற்காலின்னு கூரை வரைக்கும் அடுக்கி, உச்சியில இவர் கடவுளா உட்கார்ந்தார். மத்தவங்க தேவதைகள், கையை இறக்கை மாதிரி ஆட்டிக்கிட்டு சுத்தி வந்தாங்க. அதுல ஒரு பையன், நீ மட்டும் ஏன் பறக்கலைன்னு கேட்டான். கடவுள் பறந்தார். அடுத்த நிமிஷம் தரையில, வலது கை முறிஞ்சு கிடந்தார்.

வேற யாரா இருந்தாலும் இதோட அந்த விளையாட்டை விட்டிருப்பாங்க. மொரேனோ எண்பத்து நாலு வயசு வரைக்கும் விடலை.

அஞ்சாறு வயசுல குடும்பம் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கேயே பல்கலைக்கழகத்தில் படிச்சார், 1917ல் டாக்டர் பட்டம் வாங்கினார். நமக்கு முக்கியம் அவர் வகுப்புல என்ன பண்ணார்ங்கறது இல்லை, பார்க்ல என்ன பண்ணார்ங்கறதுதான். 1908 வாக்கில், தாடியும் பச்சை மேலங்கியுமா ஒரு இளைஞர் வியன்னாவின் ஆகார்டன் பூங்காவில் மரத்தடியில உட்கார்ந்திருப்பார். சுத்தி குழந்தைகள். கதை சொல்லுவார், கொஞ்ச நேரத்துல கதை சொல்றதை நிறுத்திட்டு அவங்களையே நடிக்கச் சொல்லுவார். உங்களுக்குப் பிடிச்ச புதுப் பேரு வச்சுக்கோங்க, பிடிச்ச அப்பா அம்மாவைத் தேர்ந்தெடுங்கன்னு சொல்லுவார். அன்னைக்கு அவர் பாடம் சொல்லிக் கொடுத்த சிறுமிகள்ல ஒருத்தி எலிசபெத் பெர்க்னர். பின்னாளில் ஜெர்மன் மேடையின் பெரிய நட்சத்திரம்.

அங்க மொரேனோ கவனிச்சது ரொம்ப எளிமையான ஒரு விஷயம். ஒரு குழந்தை முதல் தடவை நடிக்கறப்போ கண்ணு மின்னும். அதே கதையை நாலாவது தடவை நடிக்கறப்போ மனப்பாடம் ஒப்பிக்கும். முதல் தடவையில இருந்த உயிர் எங்க போச்சு? வளர்ந்தவங்க வாழ்க்கையே நாலாவது தடவை ஒப்பிக்கற நாடகமா ஆயிடுதோன்னு அவருக்கு ஒரு சந்தேகம். அந்த முதல் தடவை உயிருக்கு அவர் வச்ச பேரு ஸ்பான்டேனிட்டி. தமிழ்ல தன்னியல்புன்னு சொல்லலாம். வெறுமனே மனசுல பட்டதைச் செய்யறது இல்லை அது. புதுச் சூழ்நிலைக்குப் பொருத்தமா, பழைய சூழ்நிலைக்குப் புதுசா ஒரு பதிலைக் கண்டுபிடிக்கற திறமை. ஆயுசு முழுக்க இந்த ஒரே ஒரு விஷயத்தைத்தான் தோண்டிக்கிட்டே இருந்தார்.

1913ல் ஸ்பிட்டல்பெர்க் பகுதிக்குப் போக ஆரம்பிச்சார். வியன்னாவில் பாலியல் தொழில் செய்யற பெண்கள் இருந்த இடம் அது. ஒரு டாக்டரையும் ஒரு பத்திரிகை உரிமையாளரையும் கூட்டிக்கிட்டுப் போனார். அந்தப் பெண்களைத் திருத்தப் போகலை, அதுதான் எனக்குப் பிடிச்ச இடம். எட்டு பத்து பேரா வாரத்துக்கு சில தடவை கூடி உட்கார வச்சார். முதல்ல பேச்செல்லாம் போலீஸ் தொல்லை, நோய், ஆஸ்பத்திரியில சேர்த்துக்க மாட்டேங்கறாங்கங்கறது பத்திதான். மெல்ல மெல்ல அவங்க ஒருத்தருக்கொருத்தர் யோசனை சொல்ல ஆரம்பிச்சாங்க, சின்னத் தொகை போட்டு அவசரத்துக்கு ஒரு நிதி சேர்த்தாங்க. டாக்டர் சும்மா உட்கார்ந்திருக்க, நோயாளிக்கு நோயாளியே மருந்தா ஆகறதை மொரேனோ அங்கதான் பார்த்தார். குரூப் தெரபிங்கற யோசனைக்கு விதை இந்த அறைதான்.

நடுவுல முதல் உலகப் போர். இத்தாலி எல்லையில இருந்து அரசாங்கம் வெளியேத்தின ஆயிரக்கணக்கான மக்களை மிட்டெர்ன்டார்ஃப் முகாமில் அடைச்சு வச்சிருந்தாங்க, அங்க இவர் மருத்துவரா வேலை பார்த்தார். யாரை யார் பக்கத்துல குடியேத்தணும்ங்கறதை அதிகாரிகள் தங்கள் வசதிப்படி முடிவு பண்றாங்க, அதனாலதான் இத்தனை சண்டைன்னு பார்த்தார். யாருக்கு யாரோட இருக்கப் பிடிக்கும்னு கேட்டுக் குடியேத்தலாமேன்னு 1916ல் உள்துறைக்கே கடிதம் எழுதினார். ஹாஸ்டல்ல ரூம் அலாட்மென்ட் லிஸ்ட் பார்த்து நொந்தவங்களுக்கு இந்தக் கடிதத்தோட அருமை புரியும்.

போர் முடிஞ்சதும் வியன்னாவுக்குத் தெற்கே பாட் வோஸ்லாவ் என்ற ஊருக்குப் போனார். அங்க இருந்த நூல் மில்லுக்கும் ஊருக்கும் இவர்தான் டாக்டர். ஃபீஸ் வாங்கறதில்லை, ஊர்க்காரங்க காய்கறி, பண்டம்னு கொண்டுவந்து கொடுப்பாங்க. மரியான்னே என்ற பெண்ணோட காதல். ராத்திரியில திடீர்னு ஒரு ஆவேசம் வந்து சிவப்புப் பென்சில்ல வீட்டுச் சுவரெல்லாம் கடவுளே பேசற மாதிரி கவிதை எழுதுவார். 1920ல் அதைப் பேரு போடாம புத்தகமாவும் வெளியிட்டார். நாலரை வயசுக் கடவுள் இன்னும் நாற்காலியில இருந்து இறங்கலைன்னு தெரியுதா?

இப்ப நாடகத்துக்கு வருவோம். 1921 ஏப்ரல் 1, வியன்னாவின் கோமோடியன்ஹவுஸ் அரங்கம். முட்டாள்கள் தினம்தான், தேதியைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். திரை விலகுது. மேடையில நடிகர்களே இல்லை. ஒரு சிம்மாசனம், ஒரு கிரீடம், கோமாளி உடுப்புல மொரேனோ. நம்ம கூத்துல கட்டியங்காரன் வந்து நிக்கற மாதிரின்னு வச்சுக்கோங்க, ஆனா இந்தக் கட்டியங்காரனுக்குப் பின்னாடி ராஜா வரவே இல்லை. போர்ல தோத்து, பேரரசு உடைஞ்சு, பேரரசரும் போய்ட்ட நாடு. நாட்டை ஆளத் தகுதி இருக்கறவங்க யாராவது மேடைக்கு வந்து இந்த நாற்காலியில உட்காருங்க, மீதிப் பேர் நடுவர்கள்னு கூப்பிட்டார். கூட்டத்துல அரசியல்வாதிகள், அதிகாரிகள், எழுத்தாளர்கள் எல்லாரும் இருந்தாங்க. சிலர் ஏறிப் பார்த்தாங்க. யாரும் தேறலை. மறுநாள் பத்திரிகைகள் கிழிச்சுத் தொங்கவிட்டன, நண்பர்கள் விலகிப் போனாங்க. சுத்தமான ஃபிளாப் ஷோ.

ஆனா அடுத்து அவர் செஞ்சது இன்னும் கொஞ்சம் நடைமுறைக்கு ஒத்து வந்தது. மைசெடர்காஸ்ஸெ தெருவில் சின்ன இடம் பிடிச்சு, ஸ்டெக்ரைஃப்தியேட்டர்னு ஒரு அரங்கம் ஆரம்பிச்சார். எழுதி வச்ச வசனம் கிடையாது, ஒத்திகை கிடையாது. அன்னைக்கு வந்த செய்தித்தாளை எடுத்து அப்படியே நடிக்கணும். பின்னாளில் ஹாலிவுட்ல பேர் வாங்கின பீட்டர் லோரி எல்லாம் அங்க நடிச்சவர்தான். இதுல மொரேனோ ஒரு வினோதமான சிக்கல்ல மாட்டிக்கிட்டார். நாடகம் நல்லா இருந்தா, இது முன்னாடியே ஒத்திகை பார்த்ததுதான், ஏமாத்தறாங்கன்னு ஜனங்க சொன்னாங்க. நல்லா இல்லைன்னா, பார்த்தியா ஒத்திகை இல்லாம நாடகம் வராதுன்னு சொன்னாங்க. தலையும் உன்னுது, பூவும் உன்னுதுன்னா எப்படி ஜெயிக்கறது?

அந்த அரங்கத்துல பார்பரான்னு ஒரு நடிகை. இது மொரேனோ எழுத்துல வச்ச பேரு. சாந்தமான, காதல் ததும்பற வேஷங்களுக்குப் பேர் போனவங்க. தினமும் முன்வரிசையில வந்து உட்கார்ந்து பார்த்த ஜார்ஜ் என்ற கவிஞர் அவங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். கொஞ்ச நாள் கழிச்சு ஜார்ஜ் மொரேனோகிட்ட வந்து புலம்பினார். மேடையில தேவதை, வீட்ல கெட்ட வார்த்தை, அடி. நாம பார்க்கறது ஒருத்தி, நான் குடும்பம் நடத்தறது வேற ஒருத்தின்னு ஆள் உடைஞ்சு போயிருந்தார்.

மொரேனோ புத்திமதி சொல்லலை. ரெண்டு பேரையும் உட்கார வச்சுப் பஞ்சாயத்தும் பண்ணலை. அன்னைக்கு ராத்திரி பார்பராவுக்கு வேற வேஷம் கொடுத்தார். ஒட்டக்ரிங் பகுதியில தெருவில் நின்ன ஒரு பெண்ணை ஒருத்தன் கொலை பண்ணிட்டான்னு செய்தி வந்திருந்தது. அந்தப் பெண்ணா நடின்னு சொன்னார். பார்பரா மேடையில திட்டினாங்க, கத்தினாங்க, சக நடிகரைக் குத்தினாங்க, உதைச்சாங்க. பார்த்தவங்க வாயடைச்சுப் போனாங்க. அதுக்கப்புறம் அந்த மாதிரி வேஷங்களே தொடர்ந்து வந்தன. ஜார்ஜ் தினமும் வந்து வீட்டு நிலவரம் சொல்லுவார். கோபம் வருது, ஆனா பாதியிலேயே மேடை ஞாபகம் வந்து சிரிச்சிடறாங்க. கொஞ்ச நாள்ல மொரேனோ ஜார்ஜையும் மேடையில ஏத்தினார். வீட்ல நடக்கற சண்டை, அவங்க குடும்பங்கள், சின்ன வயசு, எல்லாத்தையும் ரெண்டு பேரும் சேர்ந்து நடிச்சாங்க. பார்க்க வந்தவங்கள்ல சிலர், மத்த நாடகத்தை விட இவங்க ரெண்டு பேரோட காட்சிதான் எங்களை என்னமோ பண்ணுதுன்னு சொன்னாங்களாம். நடிக்கறவங்களுக்கு மட்டும் இல்லை, பார்க்கறவங்களுக்கும் வைத்தியம் நடக்குதுன்னு மொரேனோவுக்கு அப்பதான் உறைச்சது. சைக்கோடிராமா, உளநாடகம், பிறந்தது இந்த இடத்துலதான்.

இதோட நிறுத்தினா அழகான கதை. பல பாடப் புத்தகங்கள் இதோடதான் நிறுத்துது. ஆனா அந்தக் கல்யாணம் நிலைக்கலை. ஜார்ஜ் சில வருஷம் கழிச்சுத் தற்கொலை செய்துகொண்டார். கோபத்தை மேடையில கொட்ட வச்சவங்க பக்கம் கிடைச்ச கவனம், முன்வரிசையில அமைதியா உட்கார்ந்திருந்தவர் பக்கம் போதுமான அளவு போச்சான்னு எனக்குத் தோணுது. நாடகம் போட்டா எல்லாம் சரியாயிடும்னு யாராவது உங்ககிட்ட சொன்னா, கதையோட இந்தப் பாதியையும் அவங்களுக்குச் சொல்லுங்க.

1925 கடைசியில மொரேனோ அமெரிக்கா போனார். எதுக்குப் போனார் தெரியுமா? ஒரு மெஷினைத் தூக்கிக்கிட்டு! மரியான்னேவோட தம்பியும் இவரும் சேர்ந்து இரும்புத் தகட்டுல காந்தப் பதிவா ஒலியைச் சேமிச்சுத் திரும்பக் கேட்கற கருவி ஒண்ணு செஞ்சிருந்தாங்க. ஒஹையோவில் ஒரு கம்பெனி ஆர்வம் காட்டினது. நம்ம பாஷையில சொன்னா, ப்ரோட்டோடைப் எடுத்துக்கிட்டு ஃபண்டிங் தேடிப் போன ஸ்டார்ட்-அப் ஃபவுண்டர். அந்த வியாபாரம் பெருசா ஒண்ணும் ஆகலை. மரியான்னேயை வியன்னாவிலேயே விட்டுட்டு வந்தார், திரும்பிப் போகவும் இல்லை. அமெரிக்காவில் தங்கறதுக்கு வழி பண்ண ஒரு பெண்மணி இவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, அது பேருக்கு நடந்த கல்யாணம். மேடையில எல்லார் காயத்துக்கும் மருந்து போட்ட மனுஷன், தன்னால காயப்பட்டவங்க பக்கம் அவ்வளவா திரும்பிப் பார்த்ததாத் தெரியலை.

அங்க முதல் சில வருஷம் குழந்தைகளோட வேலை, கார்னகி ஹால்ல ஒத்திகையில்லா நாடகம், அப்புறம் சிங் சிங் சிறைக் கைதிகளைப் பத்தின ஆய்வு. 1932ல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊரில் இருந்த பெண்கள் சீர்திருத்தப் பள்ளிக்குப் போனார். 500க்கும் மேற்பட்ட பெண்கள், தனித்தனி விடுதி வீடுகள்ல இருந்தாங்க. அந்த வருஷம் ரெண்டே வாரத்துல 14 பேர் ஓடிப் போய்ட்டாங்க. நிர்வாகம் ஒவ்வொருத்தியையும் தனித்தனியா விசாரிச்சது, அந்தப் பொண்ணுக்கு என்ன குறை, இந்தப் பொண்ணு ஏன் இப்படின்னு.

மொரேனோவும் ஹெலன் ஹால் ஜென்னிங்ஸும் கேட்ட கேள்வி வேற. நீ யார் கூட ஒரே வீட்ல தங்க ஆசைப்படறே, அஞ்சு பேரைச் சொல்லு. பதில்களை எல்லாம் வட்டமும் கோடுமா வரைஞ்சாங்க. அதுல சில வட்டங்களுக்கு எல்லாப் பக்கமும் இருந்து அம்பு வருது. சில வட்டங்களுக்கு ஒண்ணு கூட வரலை. ஓடிப் போன பெண்களை அந்தப் படத்துல தேடினா, பல பேர் சங்கிலி மாதிரி ஒருத்தர்ல இருந்து ஒருத்தர்னு இணைஞ்சிருந்தாங்க. தாங்களே அந்தச் சங்கிலியில இருக்கோம்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்லை. ஓட்டம் ஒரு பெண்ணோட குணத்துல இல்லை, கோடுகள்ல இருந்தது. அதுக்கப்புறம் யாரை எந்த வீட்ல போடறதுங்கறதை அந்தப் படத்தைப் பார்த்து மாத்தினாங்க. வெளியில வேலைக்குப் போகறப்போ, முதலாளிகிட்ட எப்படிப் பேசறதுன்னு அந்தப் பெண்களை நடிச்சுப் பழக வச்சாங்க.

இந்தப் படத்துக்குப் பேரு சோசியோகிராம். 1933 ஏப்ரல்ல நியூயார்க் டைம்ஸ்ல இதைப் பத்திச் செய்தி வந்தது, அடுத்த வருஷம் புத்தகமும் வந்தது. இன்னைக்கு சோஷியல் நெட்வொர்க் அனாலிசிஸ்னு நாம எலெக்டிவ் எடுத்துப் படிக்கறோமே, அதோட வரலாற்றை எழுதறவங்க ஹட்சன் பள்ளியைத் தவிர்க்க முடியாது. நம்மாளுங்க இதை விளம்பரம் விக்கறதுக்குத்தான் அதிகம் பயன்படுத்தறோம். இவர் பயன்படுத்தினது, ஒரு அம்பு கூட வராத பொண்ணைக் கண்டுபிடிக்க.

1936ல் பீக்கன் ஊரில் சொந்தமா ஒரு மனநல மருத்துவமனை தொடங்கினார். ஒரு பணக்கார அம்மையார் உதவியோட அங்க ஒரு மேடை கட்டினாங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணா மூணு வட்டப் படிகள், மேல ஒரு பால்கனி. கடவுளோ, செத்துப்போன தாத்தாவோ, பேசணும்னா பால்கனியில இருந்து பேசலாம். (நாற்காலி அடுக்கு ஞாபகம் வருதா? இந்தத் தடவை கைப்பிடிச் சுவரோட கட்டியிருக்கார்.)

அந்த மேடையில என்ன நடக்கும்? ஒருத்தர் தன் பிரச்சினையோட மேல வருவார். டைரக்டர் டாக்டர். கூட நடிக்க உதவியாளர்கள். அப்பாகிட்ட பேச முடியலையா, ஒருத்தரை அப்பாவா நிறுத்திப் பேசு. இப்ப இடம் மாறு, நீ அப்பாவா நில்லு, அவர் நீ. மகன் கேட்ட கேள்விக்கு அப்பாவா பதில் சொல்லிப் பாரு. உன்னால சொல்ல முடியாததை உன் பின்னாடி ஒருத்தர் நின்னு உன் குரலாச் சொல்லுவார், சரின்னா அதையே சொல்லு, தப்புன்னா மறுத்துச் சொல்லு. நடந்த காட்சிதான் வேணும்னு இல்லை. நடக்காமப் போனதையும் நடிக்கலாம், சாகறதுக்கு முன்னாடி பார்க்க முடியாமப் போன அம்மாகிட்ட விடைபெறலாம். ஆள் கிடைக்கலைன்னா காலி நாற்காலி. அந்த நாற்காலியைப் பிரபலமாக்கின பேர் ஃப்ரிட்ஸ் பெர்ல்ஸ் என்ற இன்னொரு டாக்டருக்குப் போச்சு, அவர் மொரேனோவின் அரங்கத்துக்கு வந்து உட்கார்ந்து பார்த்தவர்.

முடிவுல ஒரு கட்டம் உண்டு, எனக்கு இதுதான் மொத்தத்துல முக்கியமாப் படுது. நாடகம் முடிஞ்சதும் பார்த்துக்கிட்டிருந்தவங்க பேசணும். ஆனா அறிவுரை சொல்லக் கூடாது, அலசக் கூடாது, நீ இப்படிப் பண்ணியிருக்கலாம்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. இதைப் பார்க்கறப்போ என் வாழ்க்கையில எனக்கு என்ன ஞாபகம் வந்ததுன்னு மட்டும் சொல்லலாம். மேடையில மனசைத் திறந்து காட்டினவரைத் தனியா நிக்க விடக் கூடாதுங்கறதுதான் கணக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபிரெண்ட் மனசு விட்டுப் பேசறப்போ நாம எத்தனை அறிவுரை அள்ளி விடறோம்னு யோசிச்சுப் பாருங்க.

மொரேனோ சொன்ன கேஸ்கள்ல ரொம்பப் பேசப்பட்டது நியூயார்க்கின் ஜெர்மன் பகுதியில இருந்த ஒரு கசாப்புக் கடைக்காரர். இரண்டாம் உலகப் போர் தொடங்கின சமயம். தான்தான் ஹிட்லர், ஜெர்மனியில இருக்கறவன் தன் யோசனையைத் திருடினவன்னு உறுதியா நம்பினார். அதே மீசை, அதே தலைவாரல். வேற டாக்டரா இருந்தா நீ ஹிட்லர் இல்லைன்னு புரிய வைக்கப் பார்த்திருப்பாங்க. மொரேனோ ரெண்டு ஆண் நர்ஸ்களைக் கூப்பிட்டு, இவர் கோரிங், இவர் கோயபல்ஸ்னு அறிமுகப்படுத்தி வச்சார். ஆளுக்கு ஒரே சந்தோஷம், தன்னை நம்பற மனுஷங்க கிடைச்சிட்டாங்க. வாரக்கணக்கா மேடையில ஹிட்லரா வாழ்ந்தார். நடுநடுவே கூட நடிச்சவங்களோட சாதாரண மனுஷனா உட்கார்ந்து பேசவும் ஆரம்பிச்சார். ஒரு நாள் அவராவே முடி வெட்டறவரைக் கூப்பிடச் சொல்லி, அந்த மீசையை எடுக்கச் சொன்னார்.

மொரேனோ யூதர்ங்கறதை மறந்துடாதீங்க. ஐரோப்பாவில் அவர் சனங்களை ஹிட்லர் கொன்னு குவிச்ச வருஷங்கள்ல, இங்க ஒரு ஹிட்லருக்கு அவர் மேடை போட்டுக் கொடுத்து, மந்திரிகளையும் கொடுத்து, பொறுமையா எதிர்ல உட்கார்ந்திருந்தார்.

இது எப்பவும் பலிக்குமா? பிரமையில இருக்கறவரோட சேர்ந்து ஆடினா பிரமை இன்னும் இறுகிடாதான்னு கேள்வி கேட்டவங்க நிறைய. நியாயமான கேள்வி. மொரேனோவுக்கு நிதானமா கணக்கு வச்சு நிரூபிக்கற பொறுமை இல்லை. அவருக்குப் பொறுமை இருந்ததெல்லாம், என் யோசனையைத் திருடிட்டாங்கன்னு சண்டை போடறதுக்குத்தான். ஃப்ராய்டை மாணவரா இருக்கறப்போ ஒரு தடவை சந்திச்சதையும், அவருக்கே பாடம் சொல்லிட்டு வந்த மாதிரிதான் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தார். அந்தச் சந்திப்புக்கு சாட்சி யாருன்னு கேட்கறீங்களா? அவரேதான்.

1941ல் நோய்வாய்ப்பட்ட தன் அக்காவைக் கூட்டிக்கிட்டு பீக்கனுக்கு வந்தாங்க செர்கா, ஹாலந்துல பிறந்த பெண். அக்காவுக்கு வைத்தியம் நடந்தது, தங்கச்சி அங்கேயே தங்கி வேலை கத்துக்கிட்டாங்க. 1949ல் ரெண்டு பேருக்கும் கல்யாணம். மொரேனோவின் ஆவேசத்தை மத்தவங்க கத்துக்கற அளவுக்கு ஒழுங்கான முறையா மாத்தினது பெரும்பாலும் செர்காதான்னு நான் நினைக்கறேன். 1952ல் பிறந்த மகன் ஜோனதனைச் சின்ன வயசுல இருந்தே அப்பா அம்மாவோட இடம் மாத்தி விளையாட வச்சாங்க. பையன் அப்பாவா ஆவான், அப்பா பையனா ஆவார். மூணு பேரும் சேர்ந்து அதைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினாங்க. 1958ல் புற்றுநோயால செர்காவின் வலது கையைத் தோளோட எடுத்தாங்க. அதுக்கப்புறமும் அம்பது வருஷத்துக்கு மேல ஒத்தைக் கையோட பல நாட்டு மேடைகள்ல நின்னு சொல்லிக் கொடுத்தாங்க. 2016ல்தான் இறந்தாங்க.

மொரேனோ 1974 மே 14ல் பீக்கனில் இறந்தார். கடைசி வாரங்கள்ல சாப்பாட்டை நிறுத்திட்டு தண்ணி மட்டும் குடிச்சார். படுக்கையில இருந்தபடியே, பல ஊர்ல இருந்து வந்த மாணவர்கள்கிட்ட விடைபெற்றார். 1993ல் அவர் அஸ்தியை வியன்னாவுக்குக் கொண்டுபோய் சிம்மெரிங்கில் வச்சாங்க. மனநல வைத்தியத்துக்குள்ள சிரிப்பைக் கொண்டுவந்த மனுஷன்ங்கற பொருள்ல அந்தக் கல்லுல எழுதியிருக்கு. அது அவரே கேட்டுக்கிட்ட வாசகம். பீக்கன் மருத்துவமனை இப்ப இல்லை. அந்த மூணு வட்ட மேடையை மட்டும் பின்னாளில் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஹைலேண்ட்ங்கற ஊருக்கு மாத்தி வச்சிருக்காங்க, பால்கனியோட சேர்த்து.